செல்லங்களின் எலும்பு முறிவு: உங்கள் அனுபவம்?

செங்காங்வாசி:
எங்கள் டாய் பூடில் (ரொம்பச் சின்ன இன நாய்) சோஃபாவிலிருந்து குதித்தான், முன்னங்கால் போச்சு. முன்னங்காலில் இருக்கும் ரேடியஸ், அல்னா என்ற இரண்டு எலும்பும். எலும்பில் திருகி வைக்கும் உலோக பிளேட், செலவு எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. என்னை விடாமல் அரிப்பது மறு எக்ஸ்ரே. பிளேட்டும் திருகுகளும் பளிச்சென்று தெரிகின்றன. நடுவில் முறிந்த கோடு மயிரிழை மாதிரி அப்படியே இருக்கிறது. சுற்றிலும் புது எலும்பின் புடைப்பே இல்லை. டாக்டரோ "நன்றாக இருக்கிறது" என்கிறார். அவனும் மேசை மேல் நாலு காலையும் ஊன்றி வாலாட்டுகிறான். படத்தை நம்புவதா, நாயை நம்புவதா?

மல்லிகைப்பூனை:
எங்கள் பூனை சமையலறை ஜன்னல் வழியாக விழுந்தாள். இடுப்பெலும்பில் முறிவு. தொடை எலும்பு பொருந்தும் குழி தப்பித்தது, சிறுநீரும் தானாகப் போனது. அதனால் ஆபரேஷன் வேண்டாம், கூண்டில் அடைத்து வையுங்கள் என்றார்கள். சுற்றியுள்ள தசையே எலும்பைத் தாங்கிக்கொள்ளுமாம். ராத்திரி முழுக்கக் கம்பியைக் கடிப்பாள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து கதவைத் தட்டுவார். ஒருநாள் மணல் தட்டில் பின்னங்கால் இரண்டையும் ஊன்றி நின்று மண்ணைத் தள்ளினாள். நானும் மாமியாரும் சோற்றைக் கூட மறந்து பார்த்தோம். அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு மங்கலாகத் தெரிந்தது. செங்காங், புடைப்பு இல்லையென்றால் ஒட்டவில்லை என்றுதான் அர்த்தம். வேறு டாக்டரைப் பாருங்கள்.

பழைய கிளினிக் ஆள்:
மல்லிகை அக்கா, சும்மா இருக்கிறவரைப் பயமுறுத்தாதீங்க. உங்கள் பூனைக்கு எலும்பு கொஞ்சம் அசைந்துகொண்டே ஒட்டியது. அப்படி ஒட்டும்போது முதலில் ரத்தக்கட்டு, அப்புறம் நாரும் குருத்தெலும்புமாக ஒரு புடைப்பு, கடைசியில் அது கெட்டி எலும்பாகும். பிளேட் இறுக்கிப் பிடித்தால் எலும்பு நேரடியாகவே ஒட்டும், புடைப்பு வரவேண்டிய அவசியமில்லை. பெரிய புடைப்பு வந்தால்தான் உள்ளே ஏதோ ஆடுகிறதோ என்று டாக்டர் கவலைப்படுவார். டாய் இனங்களுக்கு மணிக்கட்டுப் பக்கம் ரத்த ஓட்டம் குறைவு. வெறும் மாவுக்கட்டு பல நேரம் கைவிட்டுவிடும், அதனால்தான் பிளேட்.

ஆனால் வாலாட்டுவதை நம்பாதீங்க, எடையைத் தாங்குவது உலோகம். குட்டிக்கு ஒரு மாதத்தில்கூட ஒட்டிவிடும், வளர்ந்த நாய்க்கு 8 முதல் 12 வாரம், சில சமயம் அதற்கும் மேல்.

என் கண்ணில் நிற்பது வேறு. நொண்டுகிறது என்று ஒரு மாமா தன் பூனைக்கு பனடால் (மனிதர்களுக்கான பாராசிட்டமால் வலி மாத்திரை) கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். வாயைத் திறந்தால் ஈறு பழுப்பு நிறம். பூனைக்கு அது விஷம், ஒரே மாத்திரை உயிரை வாங்கலாம். கால்சியம் மாத்திரையும் வேண்டாம், ஒழுங்கான டின் உணவோ கிபிள் என்ற உலர் தீனியோ சாப்பிட்டால் போதும். வெறும் கோழியும் சோறும் போட்டால்தான் எலும்பு மெலியும். ஜன்னலுக்கு வலை போடுங்கள். 2024 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 2 பூனை வரை சட்டப்படி வளர்க்கலாம், இனி ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

மல்லிகைப்பூனை:
வலை எப்போதோ போட்டாச்சு தம்பி. பனடாலை யார் கேட்டார்கள்?

செங்காங்வாசி:
சண்டை போடாதீங்க. பிளேட்டே எல்லா எடையையும் தாங்கினால் அடியிலிருக்கும் எலும்பு மெலிந்துவிடுமாம், பிறகு சில திருகுகளைக் கழற்றலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். யாராவது சின்ன நாய்க்கு அப்படிச் செய்திருக்கிறீர்களா?