காட்டுப் பாதையில் பாம்பைக் கண்டபோது: எதை வைத்து அடையாளம் தெரிந்தது?

போன மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் ஓடையை ஒட்டிய பாதையில் நடந்துகொண்டிருந்தோம். வழிகாட்ட வந்த காடர் பழங்குடிப் பெரியவர் சட்டென்று கையைக் குறுக்கே நீட்டினார். "தம்பி, அந்தக் கொப்பைப் பிடிச்சிராதே." இடுப்பு உயரத்தில், ஈரக் கிளையோடு ஒட்டிக் கிடந்தது ஒரு மலபார் குழிவிரியன். பழுப்பு உடம்பில் பச்சைத் திட்டுகள். தள்ளி நின்று கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே இன்னொரு குழி. இரையின் உடல் சூட்டை அதை வைத்துத்தான் உணர்கிறது. கண்மணி செங்குத்தான கீற்று.

நாங்கள் பேசினோம், படம் எடுத்தோம், அது இம்மியும் அசையவில்லை. ஆள் சத்தம் கேட்டால் பாம்பு ஓடிவிடும் என்று நம்பி நடப்பவர்கள் இந்தப் பாம்பிடம்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பச்சை, மஞ்சள், செம்பழுப்பு என்று பல நிறங்களில் இருக்கும், அதனால் நிறத்தை நம்பவே கூடாது.

கொஞ்ச தூரத்தில் ஒரு பச்சைப் பாம்பு. கூட வந்த நண்பர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கண்கொத்திப் பாம்பு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வந்த பயம். கூரான மூக்கு, கிடைமட்டக் கண்மணி. கடைவாய்ப் பல்லில் லேசான விஷம் உண்டு. பல்லிக்கும் தவளைக்கும் அது போதும், நமக்குப் பெரும்பாலும் வீக்கத்தோடு சரி. ஆனால் மிரண்டால் கழுத்தை உப்பும், தலையும் முக்கோணமாகத் தெரியும். முக்கோணத் தலை என்றாலே கொடிய விஷம் என்று சொல்லிச் சொல்லியே இதை எத்தனை பேர் அடித்துக் கொல்கிறார்கள்! நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை அப்படி இருப்பதே இல்லை.

* * *

அண்ணா, தலை விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஜவ்வாது மலையில் நாங்கள் தங்கிய வீட்டுச் சுவரில் ராத்திரி ஒரு பாம்பு. கருமையான உடம்பு, வெள்ளைப் பட்டைகள். "கட்டுவிரியன்!" என்று ஆளாளுக்குக் கம்பு தேடினார்கள். எங்கள் குழுவில் இருந்த அக்கா மட்டும் டார்ச்சைத் தலையிலிருந்து வால்வரை மெதுவாக ஓட்டினார். "பட்டை எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்கப்பா."

கழுத்திலேயே பளிச்சென்று ஆரம்பித்து, வால் பக்கம் போகப் போக மங்கிவிட்டது. வெள்ளிக்கோல் வரையன், விஷமே இல்லாதது. பல்லியைத் தேடிச் சுவர் ஏறும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலையை ஒட்டிய பகுதி வெறுமையாக இருக்கும், பட்டைகள் பின்னால்தான் தெளியும், பல நேரம் இரட்டை இரட்டையாக வரும். சந்தேகமாக இருந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகிவிடுங்கள். அது கடித்தால் வலியும் தடமும் தெரியாமலே போகலாம். அப்புறம் வயிற்றுவலி, இமை தொங்குவது என்று ஆரம்பிக்கும்.

* * *

தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சிறுமலை அடிவாரம் வறண்ட பாறைக்காடு. அங்கே எனக்கு முதலில் வந்தது சத்தம்தான், உப்புத்தாளைத் தேய்ப்பது மாதிரி. அப்படியே நின்றுவிட்டேன். சருகோடு சருகாகச் சுருட்டைவிரியன், ஒன்றரை முழம்கூட இருக்காது. உடம்பை மடித்து மடித்துச் செதில்களை உரசித்தான் அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. குட்டிப் பாம்பு என்று அலட்சியமாக நினைக்கும் அளவுதான், ஆனால் கடித்தால் ரத்தம் உறையாது.

கடிபட்ட பிறகு பாம்பைத் தேடி ஓடாதீர்கள். 20 நிமிடம் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் முக்கியமானது, 1978இல் தொடங்கியது.

முதலில் எழுதிய தம்பி பார்த்த குழிவிரியனுக்கு அந்த மருந்து பொருந்தாது. அதனால் தூரத்திலிருந்து எடுத்த படம் ஏற்கெனவே கையில் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை. கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.