இரண்டு குரல்களைப் பிரிக்கும் கணினி மாதிரி: சுருதிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உதவி தேவை

வணக்கம். ஒரே ஒலிவாங்கியில் பதிவான இரண்டு பேச்சுக் குரல்களை, செவியின் வழியைப் பின்பற்றிப் பிரிக்கும் மாதிரி ஒன்றை எழுதிவருகிறேன். 1953இல் செவிப்புலனை ஆராய்ந்த காலின் செர்ரி எழுப்பிய கேள்விதான்: பலர் பேசும்போது ஒருவரை மட்டும் எப்படிக் கேட்கிறோம்?

காமாடோன் (gammatone) எனப்படும் வடிகட்டிகள் ஒலியை அலைவெண் பட்டைகளாகப் பிரிக்கின்றன. உட்செவி செய்வதற்கு நெருக்கமான வேலை இது. ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் சொல்கிறது என்று கணக்கிட்டு, ஒரே காலஅளவில் துடிப்பவற்றை ஒரு குரலாகச் சேர்க்கிறேன். 100, 126 ஹெர்ட்ஸ் சுருதிகளில் நீட்டி ஒலிக்கும் ஆ, ஈ இரண்டும் அழகாகப் பிரிகின்றன.

இயல்பான பேச்சில்தான் சிக்கல். நேரத்தோடு ஏறி இறங்கும் இரு குரல்களின் சுருதிக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் குரல்கள் இடம் மாறிவிடுகின்றன. அங்கே எதைப் பிடித்துக்கொண்டு தொடர்வது? கோட்டின் சரிவையா, குரலின் நிறத்தையா (timbre)? ஸ, ஷ ஒலிகளில் குரல்நாண் அதிர்வே இல்லை. அவற்றை எந்தக் குரலோடு சேர்ப்பது? ஒன்றாகத் தொடங்குபவை ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் காட்டிய வழி இருக்கிறது. தொடக்கங்களுக்கிடையே எத்தனை மில்லிநொடி வேறுபாடு வரை அதை ஏற்கலாம்?

ஆழ்கற்றல் வலைகள் இதை நன்றாகவே பிரிக்கின்றன என்பது தெரியும். எனக்கு வேண்டியது, செவி எந்தக் குறிப்பை நம்பி முடிவெடுக்கிறது என்ற விளக்கம். இத்தகைய மாதிரியை எழுதியவர்கள், சுருதித் தொடர்ச்சியை எப்படிக் கையாண்டீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். நிரல்துண்டு இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.