அசையும் துணியைப் பல கேமராக்களால் முப்பரிமாணமாகப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: சுழலும் பாவாடையின் அசைவைப் பல வீடியோ கேமராக்களில் பதிவு செய்து முப்பரிமாண வடிவமாக்க முயல்கிறேன், துணி ஒரே நிறத்தில் இருப்பதால், ஒரு கேமராவில் தெரியும் புள்ளி மற்றொன்றில் எது என்பதை மென்பொருளால் கண்டறிய இயலவில்லை. வேறு வழி உண்டா?

பதில் 1: வைட், கிரேன், ஃபோர்சைத் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், துணி முழுவதும் வண்ண முக்கோணங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றையும் அதன் நிறத்தாலும் அண்டை முக்கோணங்களின் நிறங்களாலும் அடையாளம் கண்டார்கள். மடிப்புக்குள் மறைந்த பகுதிகளைப் பிற ஃபிரேம்களில் தெரிந்த வடிவங்களைக் கொண்டு நிரப்பினார்கள். அச்சு மை துணியை விறைப்பாக்கிவிட்டால், நீங்கள் பதிவு செய்வது வேறொரு துணியின் அசைவைத்தான்!

பதில் 2: ஷட்டர் வேகத்தையும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை உள்வாங்கும் நேரத்தையும், கவனியுங்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் விளிம்பு, 1/50 விநாடியில் 6 சென்டிமீட்டர் நகர்ந்து நிறங்களைக் கலங்கடித்துவிடும். 1/1000 என்றால் 3 மில்லிமீட்டர்தான், ஆனால் வெளிச்சம் மிக அதிகமாக வேண்டும். கேமராக்கள் ஒரே கணத்தில் படமெடுப்பதும் அவசியம்.

கேட்டவர்: நன்றி. முதலில் பருத்தித் துணியில் அச்சிட்டு, அது தொங்கும் விதம் மாறுகிறதா என்று பார்க்கிறேன்.