கிணத்துத் தண்ணியில புளூபெரி: அனுபவம் உள்ள ஆக்கள் உதவுங்கோ

வணக்கம். சாடியில நிக்கிற பிலாக்ஸி இனப் புளூபெரியின்ர இளம் இலையள் மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறைபாடுதான். ஆனா இரும்பு போட்டுப் பிரயோசனமில்லை. புளூபெரிக்கு மண்ணின்ர பிஎச் (அமிலத்தன்மையின்ர அளவு, குறையக் குறைய அமிலம் கூட) 4.5–5.5 வேணும், எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணத்துத் தண்ணி விட விட அது ஏறும், வேர் இரும்பை எடுக்கேலாது. பிஎச்சை இறக்கக் கந்தகம் போட்டா, அது வேலைசெய்ய மாசக்கணக்காகும். மாரியில மழைத்தண்ணி பிடிக்கலாம், கோடைக்குத்தான் வழி தெரியவேணும்.

சிற்றிக் அசிட் கலந்து தண்ணியை 5.5க்கு இறக்கி விடுற ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ? 10 லீற்றருக்கு எத்தினை கிராம்? எந்த ஊர்க் கிணறு எண்டும் சொல்லுங்கோ, ஊருக்கு ஊர் தண்ணி மாறும். மண்ணின்ர பிஎச்சை இறக்கிற அமோனியம் சல்பேற் உரம் யாழ்ப்பாணத்தில சின்னப் பையில எங்க எடுக்கலாம்? குளிரில்லாத இஞ்ச காய்ச்ச மரம் இருந்தா, எந்த மாசம் கத்தரிச்சு விட்டனீங்கள்?