மூடின இடம்னா பயம், ஹிப்னோதெரபி எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு கால் மரத்துப் போகுதுன்னு முதுகுத்தண்டுக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்திருக்காங்க, ரெண்டு தடவை போயும் எடுக்க முடியல. முதல்ல ஸ்கேன் மெஷின்ல 60 சென்டிமீட்டர் அகலக் குழாய், அடுத்து 70 சென்டிமீட்டர், ரெண்டுலயும் தலை உள்ள போனதுமே முடியலன்னா அமுக்கச் சொல்லி கையில குடுத்த ரப்பர் பந்தை அமுக்கிட்டாங்க, வெளிய வந்து என் கையைப் பிடிச்ச பிடியில நகத்தடம் பதிஞ்சிருச்சு. சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடும்போது நெல்லுக் குதிருக்குள்ள மாட்டிக்கிட்டாங்களாம், அதுலேர்ந்து லிஃப்ட்ல கூட ஏற மாட்டாங்க. மயக்க மருந்து குடுத்து எடுக்கலாம்ங்கறாங்க, ஆனா அம்மாவுக்கு வீசிங் இருக்கு, எனக்கு மனசு வரல.

ஹிப்னோதெரபி பத்தி படிச்சேன், தூங்க வைக்கிறது இல்ல, நினைவோடயே உடம்பைத் தளர்த்தி அந்த இடத்தை மனசுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா பழக்குவாங்க. மேடையில வித்தை காட்டுறவங்ககிட்ட போக விருப்பமில்ல, சைக்காலஜி முறையா படிச்சவங்கதான் வேணும். எடுத்தவங்க இருந்தா எத்தனை சிட்டிங் ஆச்சு, ஸ்கேன் அன்னைக்கு நிஜமாவே படுக்க முடிஞ்சுதான்னு சொல்லுங்க ப்ளீஸ். திருச்சி, தஞ்சாவூர் பக்கம்னா ரொம்ப நல்லது. கால் எரிச்சல்ல அவங்க ராத்திரி தூங்கறதே இல்ல.