அண்டை நாடுகளின் பொது நிதி: சமத்துவம் என்பது வாக்கிலா, பங்கிலா?

கேள்வி (பேராவூரணி)

எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தில் ஐந்நூறு ரூபாய் செய்தவருக்கும் ஐம்பதாயிரம் செய்தவருக்கும் ஒரே பந்தியில் ஒரே சாப்பாடுதான். வாங்கியதை வட்டியில்லாமல் திருப்பிச் செய்தால் போதும். அண்டை நாடுகளிடையே இத்தகைய முறை சாத்தியமா என்பதே என் ஐயம். தெற்காசிய நாடுகள் சேர்ந்து 1985இல் தொடங்கிய சார்க் அமைப்பில் எந்த முடிவும் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும் என்பதால், ஏட்டளவில் எல்லா உறுப்பு நாடுகளும் சமம். ஆனால் அந்நாடுகளுக்காக 2012இல் ஏற்பட்ட 200 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற (தம் நாணயத்தைக் கொடுத்துக் குறுகிய காலத்துக்கு டாலர் போன்றவற்றைப் பெறும்) வசதிக்குப் பணம் தருவது இந்திய ரிசர்வ் வங்கி மட்டுமே. கொடுப்பவர் ஒருவராகவே இருக்கும் இடத்தில் சமத்துவத்தை எதில் தேடுவது?

பதில் 1 (நாகப்பட்டினம்)

இடர் வந்த வேளையில் வாக்கைவிட வேகமே முக்கியம். 2022இல் இலங்கை அந்நியச் செலாவணியின்றித் தவித்தபோது, நீங்கள் சொல்லும் வசதியிலிருந்துதான் 40 கோடி டாலர் போனது. உணவு, மருந்து வாங்க 100 கோடி டாலர் கடனும் தரப்பட்டது. ஆசியத் தீர்வு ஒன்றியத்தின் வழியே இலங்கை செலுத்த வேண்டிய தொகைக்கும் இந்தியா கால நீட்டிப்புத் தந்தது. 1974இல் உருவாகித் தெஹ்ரானைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த ஒன்றியம் பலரும் கவனிக்காத நல்ல ஏற்பாடு: உறுப்பு நாடுகள் தமக்குள் வாங்கியதையும் விற்றதையும் இரண்டு மாதங்களுக்கொருமுறை கழித்துப் பார்த்து, மிச்சத்தை மட்டும் டாலரிலோ வேறு ஒப்புக்கொண்ட நாணயத்திலோ தீர்க்கின்றன. ஒருமனது விதியோ, ஒருவர் முகம் சுளித்தாலும் பந்தியே கூடாத நிலையைத்தான் தந்தது. சார்க் உச்சி மாநாடு 2014இல் காத்மாண்டுவில் நடந்ததோடு நின்றுவிட்டது.

பதில் 2 (மன்னார்குடி)

நாகை நண்பர் சொல்லும் வேகம் உண்மைதான். ஆனால் அது கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்த வேகம். கேட்பவர் ஒவ்வொரு முறையும் வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஊரார் கூடி ஏரி, வாய்க்காலைச் செப்பனிடும் குடிமராமத்தில் நிலத்தின் அளவுக்கேற்பத்தான் ஆள் அனுப்பினார்கள் நம் முன்னோர். அதற்காக, முறை வைத்துத் தண்ணீர் விடும்போது கடைமடைக்காரன் மடையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும் என்று யாரும் விதி செய்யவில்லை. எனவே போடும் பங்கு கூடக்குறைய இருக்கலாம், எடுக்கும் உரிமையை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து.

பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கியை பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகள் ஆளுக்கு 1,000 கோடி டாலர் பங்கு ஏற்றுத் தொடங்கின. அங்கே எவருக்கும் தடை வாக்கு கிடையாது. ஐந்தும் பெரிய நாடுகள் என்பதால் அது முடிந்தது. பூட்டானிடமோ மாலத்தீவிடமோ சமப் பங்கு கேட்டால் அவை சேரவே முடியாது. நமக்குப் பொருந்துவது, நெருக்கடியில் உறுப்பு நாடுகள் டாலர் எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சியாங் மாய் ஏற்பாடு என்பேன். ஆசியான் நாடுகளும் சீனாவும் ஜப்பானும் தென்கொரியாவும் 2010இல் 12,000 கோடி டாலர் அளவுக்கு ஒப்புக்கொண்ட அதில், சீனாவும் ஜப்பானும் தலா 32 விழுக்காடு பொறுப்பேற்றன. ஆனால் ஜப்பான் தன் பங்கில் பாதியைத்தான் எடுக்கலாம். வியட்நாம், கம்போடியா போன்றவை தம் பங்கைப்போல் ஐந்து மடங்கு எடுக்கலாம். வாக்கிலும் எல்லோருக்கும் சமமான அடிப்படை வாக்கு உண்டு. அதற்கு மேல்தான் பங்குக்கேற்ற வாக்கு.

மீண்டும் கேள்வியாளர்

ஐந்து மடங்கு என்பது மொய் நோட்டிலேயே காணாத கணக்கு. அதில் யாராவது நெருக்கடிக்கு எடுத்திருக்கிறார்களா?

பதில் 2 (மன்னார்குடி)

இதுவரை ஒரு நாடும் எடுக்கவில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேண்டுமானால் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடன் திட்டத்திலும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு முக்கியக் காரணம்.

பதில் 1 (நாகப்பட்டினம்)

அப்படியானால் விதி சிறந்திருந்தும் மடை திறக்கவில்லை. இலங்கையும் கடைசியில் ஐ.எம்.எஃப். வாசலுக்குத்தான் போனது, 2023 ஜனவரியில் கடன் கொடுத்த மற்ற நாடுகளுக்கு முன்பாகவே இந்தியா, கடன் சீரமைப்புக்கு ஒத்துழைப்பதாக உறுதிக் கடிதம் தந்தது, மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு ஒப்புதல் கிடைத்தது. மன்னார்குடி நண்பரின் முன்கூட்டிய உரிமையை நான் ஏற்கிறேன். முதல் தவணையை மட்டுமாவது எந்த வெளி நிபந்தனையும் இல்லாமல் ஒரு வாரத்தில் தரவேண்டும் என்பதையும் அதனோடு எழுதிக்கொள்ளுங்கள்.