"அப்பாடா"ன்னு மனசு சொன்ன அந்த நைட் ட்யூட்டி, உங்களுக்கும் நடந்திருக்கா?

அரைத்தூக்கம்:
பிஜி ஃபர்ஸ்ட் இயர், மெடிசின், புது பேஷன்ட்லாம் எங்க யூனிட்டுக்கே வர்ற அட்மிஷன் டே. மத்ததை நீங்களே நினைச்சுக்கோங்க. முப்பது மணி நேரம் தாண்டிருச்சு, ரெண்டு மணிக்கொருதரம் ஏபிஜி (தமனியில ரத்தம் எடுத்து ஆக்ஸிஜன் அளவு பாக்கிற டெஸ்ட்) எடுத்துட்டிருந்த பெரியவருக்கு விடிகாலை 4 மணிக்கு இதயம் நின்னு அரெஸ்ட், நெஞ்சை அழுத்தி சிபிஆர் குடுத்தோம், உயிர் திரும்பல. கேஸ் ஷீட்ல டைம் எழுதும்போது மனசுல முதல்ல வந்தது, "அப்பாடா, ஆறு மணி ஏபிஜி இல்ல". வெளிய வந்து அவர் பொண்ணுகிட்ட சொன்னேன். "ராத்திரி பூரா நீங்கதானே டாக்டர் ஓடிட்டிருந்தீங்க"ன்னு கும்பிட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு, அந்தக் கும்பிடு இன்னும் உறுத்துது.

கேனுலா20:
நண்பா நீ கல்நெஞ்சன்லாம் இல்ல, 1981லயே மாஸ்லாக்ங்கிற சைக்காலஜிஸ்ட் பர்ன்அவுட்டை, அதாவது வேலையிலயே ஓய்ஞ்சு கருகிப்போறதை, அளக்க ஸ்கேல் போட்டப்ப இந்த மரத்துப்போறதையும் ஒரு அடையாளமாத்தான் சேர்த்தாங்க. நான் ஒருநாள் லேப் ஃபார்ம்ல பேஷன்ட் பேர் இருக்கிற இடத்துல என் பேரை எழுதி அனுப்பிட்டேன், வயசு மட்டும் 72. லேப்ல இருந்து போன் பண்ணி சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன்.

பழையபேட்ச்:
நாங்கள்லாம் 48 மணி நேரம் தொடர்ந்து பாத்தவங்கதான், யாரும் அழல. கேஸ் பாக்காம கை எப்படிப் பழகும்? தம்பிங்களா, ட்யூட்டி முடிஞ்சதும் போனை ஓரமா வைங்க, பத்து நிமிஷம் மூச்சுப்பயிற்சி, தினம் நடை, தண்ணி நிறைய குடிங்க, டைரி எழுதுங்க, சீனியர் திட்டினா மனசுல ஏத்திக்காதீங்க, லீவ் நாள்ல...

போஸ்ட்ட்யூட்டி:
சார் நீங்க தாங்குனீங்க, பேஷன்ட் தாங்குனாங்களான்னு யார் கணக்கு வெச்சா? 2004ல அமெரிக்காவுல ஐசியூ இன்டர்ன்களை (முதல் வருஷப் பயிற்சி டாக்டர்கள்) வெச்சு வந்த ஆய்வுல, 24 மணி நேரத்துக்கு மேல இழுக்கிற பழைய ட்யூட்டி முறையில, நேரம் குறைச்ச முறையைவிட பெரிய தப்புகள் 36% அதிகம். அதுக்காக மணி நேரத்தைக் குறைச்சா மட்டும் சரியாயிடும்னும் சொல்லல, அமெரிக்காவுல 2011ல இன்டர்னுக்குத் தொடர்ந்து 16 மணி நேரம்தான்னு வெச்சு 2017ல எடுத்துட்டாங்க, ஏன்னா வேலை குறையாம நேரத்தை மட்டும் வெட்டினா பேஷன்ட்டை அடுத்த ட்யூட்டி டாக்டர்கிட்ட ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர்தான் கூடுது, அதுல விஷயம் நழுவுது. எங்க யூனிட்ல உண்மையிலயே உதவினது மூணே விஷயம்: சாம்பிள் எடுக்கவும் ரிப்போர்ட் வாங்கவும் தனி ஆள், ஒரே ஃபார்மேட்ல எழுதின ஹேண்ட்ஓவர், நைட்டுக்குன்னு தனி டீம். கூடவே சீஃப் எல்லார் முன்னாடியும் கத்துறதை நிறுத்தினாரு, அது ஒண்ணே பாதி. என் கதையா? வீட்டுக்குப் போற வழியில சிக்னல்ல பைக்ல உக்காந்தபடியே தூங்கிட்டேன், பின்னாடி ஹார்ன் அடிச்சுதான் எழுந்தேன்.

அரைத்தூக்கம்:
@பழையபேட்ச் மூச்சுப்பயிற்சி எங்களுக்கும் வெச்சாங்க சார். போஸ்ட் ட்யூட்டி அன்னிக்கு மத்தியானம் 2 மணிக்கு. அட்டெண்டன்ஸ் கட்டாயம்.